கிரே வந்த வழி, பரம் பிறந்த கதை: சூப்பர் கம்ப்யூட்டர் நமக்கு என்ன செஞ்சது?

இன்னைக்கு எபிசோடில் ஒரு மெஷினோட கதை. சரியா சொல்லணும்னா நாலஞ்சு மெஷின்களோட கதை. "இந்தியா சொந்தமா சூப்பர் கம்ப்யூட்டர் செஞ்சுது, அமெரிக்கா மூஞ்சியில கரி பூசிச்சு"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்ட் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது சுத்தும், நீங்களும் பார்த்திருப்பீங்க. அதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் எனக்கு இன்னும் சுவாரசியமா தெரியுது.

1987ஆம் ஆண்டுக்குப் போவோம். அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தா சராசரியைவிட 19 சதவீதம் குறைவு. அந்த நூற்றாண்டோட மோசமான வறட்சிகளில் ஒண்ணு அது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ராஜீவ் காந்தி அரசு அமெரிக்காகிட்ட ஒரு பொருளைக் கேட்டுக்கிட்டு இருந்தது. கிரே கம்பெனியோட எக்ஸ்-எம்பி. அன்னைக்கு உலகத்துலேயே வேகமான கம்ப்யூட்டர் வரிசைகளில் ஒண்ணு. காரணம், வானிலை. நாளைக்கு மழை வருமான்னு மட்டும் இல்லாம, மூணு நாளிலிருந்து பத்து நாள் வரைக்கும் முன்கூட்டியே சொல்லணும். அதுக்குப் பேர் நடுத்தரக் கால முன்கணிப்பு. விதைக்கிறதா, மருந்து அடிக்கிறதா, அறுக்கிறதான்னு விவசாயி முடிவெடுக்க உதவுறது அந்தப் பத்து நாள்தான்.

அமெரிக்கா யோசிச்சது. காத்தோட ஓட்டத்தைக் கணக்குப் போடுற மெஷின், அணுகுண்டுக்குள்ள நடக்கிற வெடிப்பையும் கணக்குப் போடும். ரகசியச் சங்கேதங்களை உடைக்கவும் உதவும். 1974ல பொக்ரானில் சோதனை நடத்தின நாடு, சோவியத்தோட நெருக்கமா இருக்கிற நாடு. இவங்களுக்குக் கொடுக்கலாமா? இழுபறி வருஷக்கணக்கில் நடந்தது. கடைசியில் சம்மதிச்சாங்க, ஆனா கேட்டதைத் தரல. இந்தியா கேட்டது எக்ஸ்-எம்பி 24. கிடைச்சது எக்ஸ்-எம்பி 14. அந்த எண்ணில் முதல் இலக்கம் பிராசஸர் எத்தனைங்கிறதைக் குறிக்கும். ரெண்டு கேட்ட இடத்தில் ஒண்ணு. அதோட, வானிலையைத் தவிர வேற எதுக்கும் தொடக்கூடாதுன்னு நிபந்தனை, அதைக் கண்காணிக்க ஏற்பாடு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குக் கேட்ட இன்னொரு கிரே, பேச்சுவார்த்தையிலேயே இழுத்துக்கிட்டுப் போய் வந்து சேரவே இல்லை.

டெல்லி லோதி ரோட்டில் மௌசம் பவன் வளாகத்தில் அந்த மெஷினை வெச்சாங்க. 1988ல இதுக்குன்னே தேசிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம்னு ஒரு நிறுவனம் ஆரம்பிச்சிருந்தாங்க. 1989ல கிரே வேலைக்கு வந்தது. அதோட உச்ச வேகம் வினாடிக்குச் சுமார் 20 கோடி கணக்கு. இதை நீங்க கேட்டுக்கிட்டு இருக்கிற போன், கிராஃபிக்ஸ் வேலையில அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமா ஓடும். ஆனா அன்னைக்கு அது ஒரு நாட்டோட கௌரவப் பிரச்சினை.

இப்போ ஃபார்வர்ட்ல வர்ற பாதிக்கு வருவோம். கிரே பேச்சுவார்த்தை நடக்கும்போதே, இனி கையேந்தக் கூடாதுன்னு ஒரு முடிவு எடுத்தாங்க. 1988ல புனேயில் சி-டாக் உருவாச்சு. தலைமை விஜய் பட்கர். கெடு மூணு வருஷம். பணம் முப்பது கோடி ரூபாய் சொச்சம். 1991ல 'பரம் 8000' வெளியே வந்தது. உச்ச வேகம் வினாடிக்கு சுமார் 100 கோடி கணக்கு, அதாவது ஒரு கிகாஃப்ளாப். கிரே ஒரே ஒரு ராட்சச மாடு பூட்டின வண்டி மாதிரின்னா, பரம் நிறைய சின்ன மாடுகளை ஒரே நுகத்தில் கட்டின வண்டி. 'டிரான்ஸ்பியூட்டர்'னு ஒரு சின்ன சிப், அதுக்கு நாலு பக்கமும் கை இருக்கும், பக்கத்து சிப்போட கை கோத்துக்கும். அப்படிப் பலதைக் கோத்து ஒரே கணக்கைப் பிரிச்சுக் கொடுத்தாங்க. ரஷ்யாவுக்குக்கூட ஒரு பரம் போச்சு.

ஃபார்வர்டில் இல்லாத விஷயம்: அந்த டிரான்ஸ்பியூட்டர் சிப், பிரிட்டனில் இன்மோஸ்ங்கிற கம்பெனி செஞ்சது. அமெரிக்கத் தடைக்குள்ள வராத ஒரு பொருளைச் சரியாகத் தேடிப் பிடிச்சாங்க. அது கெட்டிக்காரத்தனம், நான் குறைச்சுச் சொல்லல. ஆனா சில வருஷத்தில் அந்த சிப் வரிசையே சந்தையில் அடங்கிப் போச்சு. உடனே சி-டாக் இன்டெல் சிப்புக்கு மாறணும், அப்புறம் ஸ்பார்க் சிப்புக்கு மாறணும். ஒவ்வொரு தடவையும் மென்பொருளைத் திருப்பி எழுதணும். பெட்டி நம்மது, வயரிங் நம்மது, மூளை வெளியூர். இந்த ஏற்பாடு இன்னைக்கு வரைக்கும் பெரிசா மாறல.

இன்னொண்ணு. பரம் ஒண்ணுதான் இந்தியாவோட சொந்த முயற்சின்னு நினைக்காதீங்க. பெங்களூர் தேசிய விண்வெளிப் பொறியியல் ஆய்வகத்தில் 1986லேயே 'ஃப்ளோசால்வர்' ஓடுச்சு. விமான இறக்கையைச் சுத்தி காத்து எப்படி ஓடும்னு பார்க்கச் செஞ்ச இணைக் கணினி அது. பாபா அணு ஆராய்ச்சி மையம் 'அனுபம்' செஞ்சுது. பாதுகாப்புத் துறை தனியா ஒண்ணு செஞ்சுது. ஒரே சமயத்தில் இத்தனை பேர். பணம் கம்மியா இருக்கிற நாட்டில் இது வீணாங்கிற கேள்வி அப்பவும் இருந்தது. என் கட்சி, அந்தக் கட்டத்தில் அது வீணில்லைங்கிறதுதான். மெஷின் பழசாகும், ஆனா அதைச் செஞ்ச கைகள் வேற இடத்துக்குப் போய் வேலை செய்யும்.

தமிழ்நாட்டிலும் ஒரு அழகான உதாரணம் இருக்கு, யாரும் அதிகம் பேசறதில்லை. சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். அங்கே இயற்பியலாளர்கள் 2004ல 144 கணினிகளைப் பின்னி 'கப்ரு'ன்னு ஒரு கிளஸ்டர் கட்டினாங்க. இமயமலைச் சிகரத்தோட பேர். கடையில் கிடைக்கிற சர்வர்களை முப்பரிமாண வலை மாதிரி இணைச்சு, டெராஃப்ளாப் வேகத்தைத் தொடுற அளவுக்குக் கொண்டு வந்தாங்க. உலகத்தின் டாப் 500 பட்டியலிலும் அந்த வருஷம் இடம் கிடைச்சது. வேலை? குவார்க்குகள் எப்படி ஒட்டிக்கிட்டு இருக்குன்னு கணக்குப் போடுறது. நல்லா கவனிங்க, தேவைப்பட்டவங்களே கட்டினாங்க, கட்டினவங்களே ஓட்டினாங்க. மெஷின் சும்மா தூங்குற பேச்சே இல்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். எனக்குச் சொந்த ஊர் தம்மம்பட்டி. சேலம் மாவட்டம், ஆத்தூரிலிருந்து துறையூர் போற ரோட்டில் வரும். ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை, நடுவில் சுவேத நதி. மரச் சிற்பத்துக்குப் பேர் போன ஊர். சாமி வாகனமும் தசாவதாரப் பலகையும் வாங்க எங்கெங்கிருந்தோ வருவாங்க, புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. எங்க வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு அதிகம். மத்த ஊர்க்காரங்க மரவள்ளின்னு சொல்வாங்க. கிழங்கு சேகோ ஃபேக்டரிக்குப் போய், ஸ்டார்ச் மாவாகி, சிமென்ட் களத்தில் வெயிலில் காயும். எங்க பெரியப்பா ஒருத்தர் அப்படிக் களத்தில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தார். மத்தியானம் மூணு மணிக்கு மேல பச்சைமலைப் பக்கம் கருத்துச்சுன்னா, மொத்த ஆளும் தார்ப்பாயைத் தூக்கிக்கிட்டு ஓடணும். கால் மணி நேரம் தாமதமானா அன்னைக்கு மாவு கூழ். ரேடியோவில் "தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்"னு வந்தா அவர் சிரிப்பார். "அந்த ஓரிரு இடம் நம்ம களமான்னு கேளுடா" என்பார்.

அந்தக் கேள்வியைத்தான் சூப்பர் கம்ப்யூட்டர்கிட்ட கேட்கணும். பதில் கட்டத்தின் அளவில் இருக்கு.

வானிலை மாடல் என்ன பண்ணுது? பூமியோட மேல் பரப்பைக் கட்டம் கட்டமாப் பிரிக்குது, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, ஈரம், வெப்பம், அழுத்தம்னு ஒரே ஒரு சராசரி எண். மேலேயும் அடுக்கடுக்கா அதே மாதிரி கட்டங்கள். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கத்துக் கட்டத்தோட எப்படிக் கொடுத்து வாங்குதுன்னு இயற்பியல் சமன்பாடுகளால் கணக்குப் போடுது. அப்படிப் போய்ப் போய் பத்தாவது நாளுக்கு வருது. டெல்லியில் தொண்ணூறுகளில் கிரேயில் ஓடின மாடலோட கட்டம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அதாவது சேலம், நாமக்கல், தம்மம்பட்டி, திருச்சி எல்லாம் ஒரே கட்டம். அந்த மெஷினைப் பொறுத்தவரை கொல்லிமலை கிடையாது. பச்சைமலை கிடையாது. ஏற்காடும் கிடையாது. எல்லாம் தட்டையா ஒரே சமவெளி. சாயங்காலம் மலையில் மோதி மேலே ஏறுற காத்துதான் எங்க ஊர் மழை, அந்த மலையே கணக்கில் இல்லேன்னா?

அப்போ கட்டத்தைச் சின்னதாக்கினா போதுமேன்னு கேட்கலாம். விலை அங்கேதான். கட்டத்தோட பக்கத்தைப் பாதியாக்கினா, கிழக்கு மேற்கில் ரெண்டு மடங்கு, வடக்கு தெற்கில் ரெண்டு மடங்கு, நேரத்தையும் பாதிப் பாதியா நறுக்கணும்கிறதால இன்னொரு ரெண்டு மடங்கு. ஆக மொத்தம் எட்டு மடங்கு வேலை. 150லிருந்து 12 கிலோமீட்டருக்கு வர்றதுக்கே ஆயிரத்தைந்நூறு மடங்குக்கு மேல. அதனாலதான் வானிலைத் துறை எப்பவும் பெரிய மெஷின் கேட்டு நிக்குது. பேராசை இல்லை, பெருக்கல்.

2018 ஜனவரியில் ரெண்டு மெஷின் வந்தது. புனேயில் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தில் 'பிரத்யுஷ்', நொய்டாவில் 'மிஹிர்'. சூரியனோட பேர்கள். பிரத்யுஷோட வேகம் 4 பெட்டாஃப்ளாப். பழைய கிரேயோட ஒப்பிட்டா ரெண்டு கோடி மடங்கு. அந்த வருஷ டாப் 500 பட்டியலில் 39ஆவது இடம். கட்டம் 12 கிலோமீட்டருக்கு வந்தது. அதே வருஷம் ஜூனிலிருந்து ஒரே கணிப்பைக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி இருபத்தொரு தடவை ஓட்டி, மழைக்கு எத்தனை வாய்ப்புன்னு சொல்ற முறையும் வந்தது. ஒரு வேடிக்கை, பிரத்யுஷை வித்த கம்பெனியும் கிரேதான். இந்தத் தடவை அனுமதிக்கு நடையா நடக்க வேண்டி வரல.

இதோட பலனைச் சந்தேகப்படுறவங்களுக்கு ஒடிசாவைக் காட்டுவேன். 1999 அக்டோபரில் வந்த சூப்பர் புயலில் சுமார் பத்தாயிரம் பேர் செத்தாங்க. 2013ல பைலின் வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேரை முன்கூட்டியே இடம் மாத்தினாங்க, இறந்தவங்க ஐம்பதுக்கும் குறைவு. கம்ப்யூட்டர் மட்டுமே காப்பாத்துச்சுன்னு சொன்னா அநியாயம். புயல் பாதுகாப்புக் கட்டடம் கட்டினவங்க, வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டினவங்க எல்லாரும் இருக்காங்க. ஆனா எங்கே, எப்போ கரை கடக்கும்னு நாலஞ்சு நாள் முன்னாடியே தெரியாம பத்து லட்சம் பேரை நகர்த்த முடியாது.

இதுக்கு எதிர்ப்பக்கம் நம்ம குமரிக் கடல். 2017 நவம்பர் 30, ஒக்கி. தாழ்வு மண்டலமா இருந்தது கிடுகிடுன்னு புயலா மாறுச்சு. எச்சரிக்கை போய்ச் சேரும்போது மீனவர்கள் ஆழ்கடலில். தமிழ்நாடு, கேரளா ரெண்டிலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க, காணாமப் போனாங்க. அங்கே தோத்துப் போனது ரெண்டு விஷயம். ஒண்ணு, அவ்வளவு வேகமா ஒரு புயல் வலுவாகுறதைக் கணிக்கிறது இன்னைக்கும் கஷ்டம். ரெண்டாவது, நடுக்கடலில் இருக்கிற படகுக்குச் சேதி சொல்ல வழியே இல்லாதது. முதல் பிரச்சினைக்குப் பெட்டாஃப்ளாப் உதவலாம். ரெண்டாவதுக்கு எவ்வளவு பெரிய மெஷினும் உதவாது, படகில் ஒரு கருவி வேணும்.

மெஷின் இருந்தா அறிவு தானா வந்துடும்னு நினைக்கிறவங்களுக்கு இன்னொரு வரலாறும் சொல்லணும். கிரே டெல்லிக்கு வந்துக்கிட்டு இருந்த அதே சமயம், 1988ல வசந்த் கோவாரிகர் குழு நாலு மாசப் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல ஒரு சூத்திரம் கொடுத்தது. 16 அளவுகள், கடந்த கால மழையோட அதுங்களுக்கு இருந்த தொடர்பு, அவ்வளவுதான். சாதாரணக் கம்ப்யூட்டர் போதும். பத்து வருஷத்துக்கு மேல 'சராசரி மழை'ன்னு சொல்லிச் சொல்லி நல்ல பேர் வாங்குச்சு. 2002ல சராசரியில் 101 சதவீதம்னு சொன்னாங்க. ஜூலையில் பாதி மழை காணாமப் போச்சு, பருவம் முடியும்போது 19 சதவீதம் பற்றாக்குறை. 1987க்குச் சமமான வறட்சி. அதுக்கப்புறம் அந்தச் சூத்திரத்தைக் கைவிட்டாங்க. கடலையும் காத்தையும் சேர்த்து ஓட்டுற மாடலை நம்ம பருவமழைக்கு ஏத்த மாதிரி திருத்துற 'மான்சூன் மிஷன்' 2012லதான் ஆரம்பிச்சது. டெல்லியில் சூப்பர் கம்ப்யூட்டர் வந்து 23 வருஷம் கழிச்சு! ஆளும் மாடலும் தயாராக அவ்வளவு காலம் ஆச்சு.

இந்தப் பின்னணியோட 2015ல தொடங்கின தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் மிஷனைப் பாருங்க. 4,500 கோடி ரூபாய், ஏழு வருஷம், எழுபதுக்கும் மேற்பட்ட மெஷின்னு திட்டம். பத்து வருஷம் ஆகி, 2025 மார்ச்சில் அரசு சொன்ன கணக்கு 34 மெஷின், மொத்தம் 35 பெட்டாஃப்ளாப். அமெரிக்காவில் 2022ல வந்த 'ஃபிரான்டியர்'ங்கிற ஒத்த மெஷின் இதைப் போல முப்பது மடங்கு. கேட்கக் கடுப்பாத்தான் இருக்கும். ஆனா திட்டத்தோட நோக்கம் ஒரே பெரிய கோபுரம் கட்டுறது இல்லை, கல்லூரிகளுக்குப் பரவலாக் கொடுக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாசம் 'பரம் பொருள்' திறந்தாங்க. 838 டெராஃப்ளாப், செலவு 19 கோடி. என்ன ஒரு பேரு! தம்மம்பட்டியிலிருந்து பஸ் ஏறினா காலையில் போய் சாயங்காலம் திரும்பிடலாம். சின்ன ஊர்ப் பசங்களும் பொண்ணுங்களும் படிக்கிற காலேஜில், பி.எச்டி. பண்ற ஒருத்தர் வரிசையில் நின்னு தன்னோட கணக்கை அதில் ஓட்ட முடியுது. 2007ல டாடா குழுமம் புனேயில் கட்டின 'ஏகா' உலகத்திலேயே நாலாவது இடம் பிடிச்சது, அன்னைக்கு எல்லாப் பத்திரிகையிலும் செய்தி. இடம் சீக்கிரமே கீழே போச்சு. ரேங்க்கைவிட எனக்குத் திருச்சி முக்கியமாப் படுது.

குறைன்னு பார்த்தா, முதல் குறை ஆயுசு. இந்த மெஷினெல்லாம் அஞ்சாறு வருஷத்தில் கிழம் தட்டிடும். பாலம் கட்டினா அறுபது வருஷம் நிக்கும், இது நிக்காது. மெகாவாட் கணக்கில் மின்சாரம் குடிக்கும், அந்தச் சூட்டை ஆத்தறதுக்கு இன்னும் கொஞ்சம் குடிக்கும். 2024 செப்டம்பரில் பிரத்யுஷுக்கும் மிஹிருக்கும் வாரிசா 'அர்கா'வும் 'அருணிகா'வும் வந்தன, 850 கோடி ரூபாய். அர்கா 11.77 பெட்டாஃப்ளாப், அருணிகா 8.24. அதைக் கட்டினது பிரெஞ்சுக் கம்பெனி. அதே நாள் திறந்த மூணு 'பரம் ருத்ரா' மெஷின்களில் சர்வர் போர்டு நம்ம வடிவமைப்பு, சிப் வெளிநாடு. 1991ல இருந்த அதே கதை, கொஞ்சம் முன்னேறின வடிவத்தில்.

ரெண்டாவது குறை எனக்கு இதைவிடப் பெரிசாத் தெரியுது. மெஷினுக்குச் சோறு போடணும், அதாவது அளவீடுகள். எங்க ஊருக்கு மேல வர்ற மேகத்தைப் பார்க்கிற டாப்ளர் ரேடார் எங்கே இருக்கு? காரைக்காலில் ஒண்ணு, நேர்கோட்டில் 150 கிலோமீட்டருக்கு மேல. சென்னை இன்னும் தூரம். பூமி உருண்டை, ரேடார் கதிர் நேரா போகும். எங்க ஊர் வர்றதுக்குள்ள அது கொல்லிமலை உச்சியைவிட ரொம்ப உயரத்துக்குப் போயிடும். மலைக்குக் கீழே, களத்துக்கு மேலே நடக்கிறது அதுக்குத் தெரியாது. 850 கோடி மெஷினுக்குத் தம்மம்பட்டிப் பள்ளத்தாக்கைப் பத்தி நாம கொடுக்கிற தகவல் ரொம்பக் கம்மி. பெரிய மெஷினுக்கு ரிப்பன் வெட்ட பிரதமர் வருவார். மழைமானிக்கு ரிப்பன் வெட்ட யாரும் வரமாட்டாங்க.

2025 மே 26 அன்னைக்கு 'பாரத் முன்கணிப்பு முறை' தொடங்கினாங்க. அர்காவில் ஓடுது, கட்டம் 6 கிலோமீட்டர். உலகம் முழுக்க 6 கிலோமீட்டர்ல தினசரி ஓட்டுறது சாதாரணம் இல்லை. பிரத்யுஷ் பத்து மணி நேரம் எடுத்த வேலையை அர்கா நாலு மணி நேரத்தில் முடிக்குதுன்னு சொல்றாங்க. இந்தக் கட்டத்தில் கொல்லிமலை முதல் தடவையா ஒரு மலை மாதிரி தெரிய ஆரம்பிக்கும். பள்ளத்தாக்கும் தெரியும். ஆனா எங்க ஊர் சாயங்கால இடி மேகம் பல நேரம் நாலஞ்சு கிலோமீட்டர் அகலம்தான், அது இன்னமும் கட்டத்துக்குள்ள அடங்கிடும்.

இதுக்கிடையில் கதையில் ஒரு திருப்பம். 2023லிருந்து கூகுள் டீப்மைண்டோட கிராஃப்காஸ்ட் மாதிரி ஏ.ஐ. மாடல்கள், பத்து நாள் கணிப்பை ஒரே ஒரு சிப்பில் ஒரு நிமிஷத்துக்குள்ள போட்டுடுது. அப்போ இந்த ராட்சச மெஷின் எதுக்குன்னு என் நண்பர்களே கேட்டாங்க. அந்த ஏ.ஐ. எதைப் படிச்சு வளர்ந்தது? ஐரோப்பிய வானிலை மையம் தன்னோட சூப்பர் கம்ப்யூட்டரில் பழைய வானிலையை மணிக்கு மணி திருப்பி உருவாக்கி வெச்ச பல பத்தாண்டுத் தரவை. அந்தத் தரவில் பச்சைமலை எவ்வளவு மங்கலோ, ஏ.ஐ.க்கும் அவ்வளவு மங்கல். நம்ம நிலத்துக்கு நுணுக்கமான தரவு வேணும்னா நாமதான் உருவாக்கணும், அதுக்கு அர்கா மாதிரி மெஷினும் வேணும், ஊரூருக்கு மழைமானியும் வேணும்.

இருந்தாலும் 2025ல மத்திய வேளாண் அமைச்சகம் பண்ணின ஒண்ணு என்னை அசர வெச்சது. ஏ.ஐ. மாடல்களை வெச்சுப் பருவமழை எப்போ தொடங்கும்னு கணிச்சு, 13 மாநிலங்களில் 3.8 கோடி விவசாயிகளுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினாங்க. மழை தொடங்கி நடுவில் ஒரு நீண்ட இடைவெளி விழும்னும் சொன்னாங்க, அது நடந்தது. விதையை முதல் தூறலில் போட்டுக் கருக விடாம, எத்தனை பேர் காத்திருந்தாங்களோ. அது தென்மேற்குப் பருவமழைக்கு. எங்க பக்கத்துக்கு வடகிழக்கும் சித்திரை இடிமழையும் முக்கியம். அதுக்கு இப்படி ஒரு எஸ்.எம்.எஸ். பெரியப்பா போனுக்கு இன்னும் வரல. ஃபேக்டரி களத்தில் இப்பவும் ஒருத்தர் பச்சைமலையைப் பார்த்துக்கிட்டுதான் நிக்கிறார்.